புள்ளிச் சட்டை ரவுடி

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. சர்ச்சிலிருந்து திரும்பிப் பின்கதவைத் திறந்தால், படியெல்லாம் ரத்தம்!

எங்கள் சேவல் துரை, பம்ப் ஷெட் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். வால் இருந்த இடத்தில் வாலைக் காணோம். அவன் முதுகில் ஏறி நின்று கொத்திக்கொண்டிருந்தது ஒரு கினிக்கோழி.

கினிக்கோழி தெரியுமல்லவா? சாம்பல் நிற உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. வழுக்கைத் தலை, அதன்மேல் சின்னதாய் ஒரு கொம்பு. என் கணவரின் ஆபீஸ் நண்பர் மாற்றலாகிச் சென்னை ஃபிளாட்டுக்குப் போகும்போது, "நல்லா பார்த்துப்பீங்கன்னு தெரியும் சார்" என்று சொல்லி நான்கைக் கொடுத்துவிட்டுப் போனார். பெங்களூர் பிரேசர் டவுனில் இன்னும் பின்பக்கம் மண் தரை உள்ள வீடு எங்களுடையது. அதுதான் நாங்கள் செய்த தப்பு!

எங்களுடைய நாட்டுக்கோழிகள் அதுவரை சாதுவாகத்தான் இருந்தன. இந்த நால்வர் வந்ததும் எல்லாம் மாறிப்போனது. தீனி வைத்தால் முதலில் இவர்கள். தண்ணீர் வைத்தால் முதலில் இவர்கள். அதிலும் ஒருவன் இருந்தான்... சாப்பிட்டு முடித்த பிறகும் மற்றவர்களைத் துரத்துவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. துரை முதுகில் ஏறி நின்றவனும் அவன்தான்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"எண்ணெய் போடாத சைக்கிள் மாதிரி கத்துதுமா, பூரா தெருவும் எழுந்துடுது. சும்னே எதுக்குக் கஷ்டப்படுற? அறுத்துடு. மசாலா நான் அரைச்சுத் தரேன்."

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு ஆசை வந்தது. ஆனால் நம்பிக் கொடுத்த நண்பருக்கு என்ன பதில் சொல்வது என்று இவர் தவித்தார். மகள் ப்ரியாவோ துரையைக் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவள்.

"துரையா, அந்தப் புள்ளிச் சட்டை ரவுடியா? நீங்களே முடிவு பண்ணுங்கப்பா" என்றாள். அன்று முழுக்க அப்பாவோடு பேச்சில்லை.

துரையின் காயத்துக்கு வயலட் மருந்து போட்டோம். சிவப்பு தெரிந்தால் மற்ற கோழிகளும் அங்கேயே கொத்துமே! பிறகு அவனுக்குக் குடித்தனம் எங்கள் பாத்ரூமில். விடிவதற்கு முன்பே அங்கிருந்து கூவுவான் பாருங்கள்... பக்கெட், டைல்ஸ் எல்லாம் சேர்ந்து கூவும்!

ரவுடியைப் பிடித்து, பழைய கம்பிக் கூண்டில் போட்டு முற்றத்திலேயே வைத்தார் இவர். மற்ற மூன்றும் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதன. எனக்கே பாவமாகிவிட்டது.

அந்த வாரம் காலையில் காபி டம்ளரோடு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. துரத்தப்பட்ட கோழி வெட்டவெளியில் ஓடினால், பலா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவதோடு சண்டை முடிந்துவிடுகிறது. பம்ப் ஷெட் மூலைக்குள் மாட்டினால்தான் ரத்தம். அங்கே உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழியில்லை. தீனித் தட்டையும் நாங்கள் அந்த மூலையில்தான் வைத்திருந்தோம்!

"ஏங்க, குற்றவாளி அவன் மட்டும் இல்லீங்க. நாம தட்டு வெச்ச இடமும்தான்."

 இவர் உடனே மூலையில் அடைத்திருந்த பலகைகளை எல்லாம் இழுத்துப் போட்டார். ஒரு பழைய கதவைச் சுவரில் சாய்த்து வைத்தார் - ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தப்பிக்கலாம். ஒரே தட்டுக்குப் பதில் மூன்று தட்டு, ஆளுக்கொரு திசையில். உதவிக்கு வந்தவள் ப்ரியா. "அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் சாய்ங்கப்பா" என்றாள். அப்பாவோடு பேச்சு திரும்ப வந்தது அப்படித்தான்.

காயம் ஆறியதும் துரையை வெளியே விட்டோம். இரண்டு நாள் கழித்து ரவுடியையும். மூன்று பேரும் படியில் நின்று பார்த்தோம்.

ரவுடி நேராகத் துரையிடம்தான் போனான். துரை ஓடினான், கதவுக்குப் பின்னால் நுழைந்து மறுபக்கம் வந்தான். ரவுடி இந்தப் பக்கமே நின்று காத்திருந்தான்... காத்திருந்தான்... சலித்துப்போய்த் தன் கூட்டாளிகளிடம் போய்விட்டான். அவன் கூண்டில் இருந்த நாட்களில் அவன் இடத்தைப் பிடித்துக்கொண்ட அவர்களோ அவனுக்கு வழி விடவில்லை. ஓரமாகத்தான் நின்று சாப்பிட்டான்!

"பார்த்தீங்களாப்பா அவன் மூஞ்சிய!" என்று ப்ரியா கைதட்டிச் சிரித்தாள்.

இன்றும் இரு தரப்புக்கும் ஒட்டுதல் கிடையாது. அவ்வப்போது ஒரு விரட்டல் உண்டு. ஆனால் துரைக்குப் புது வால் முளைக்க ஆரம்பித்திருக்கிறது. சாயங்காலத்தில் புள்ளிச் சட்டைகள் பலா மரத்தில் ஏறிக்கொள்கிறார்கள். நாட்டுக்கோழிகள் தங்கள் கூட்டுக்குள். நான் நிம்மதியாகப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன்.

ஒரே வீட்டில் இருக்க எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்தாக வேண்டுமா என்ன? தனித் தட்டும், தப்பித்துப் போக ஒரு வழியும் இருந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடுகிறது.

நேற்று யாரோ இவரிடம் ஒரு ஜோடி வான்கோழி இலவசமாகத் தருவதாகச் சொன்னார்களாம். இவர் யோசிக்கிறாராம்... யோசிக்கட்டும், துரை இருந்த பாத்ரூமில் உட்கார்ந்து!