கிருபாபாய் போட்ட முடிச்சு

கிருபாபாய்க்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுற்றும் கம்பெனியில் வேலை. வீட்டிலும் கை எதையாவது இழுத்துக் கட்டிக்கொண்டே இருக்கும். அவள் கட்டியதை அவிழ்க்கக் கத்தரிக்கோல்தான் வேண்டும்.

லீவு நாளொன்றில் கான்சாபுரத்துத் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கும்போது, அவள் கணவன் ஜெபக்குமாரின் வலது கையில் பாம்பு கடித்தது. பையிலிருந்த பேண்டேஜை எடுத்து, முழங்கைக்கு மேலே சுற்றி இறுக்கிக் கட்டினாள். அத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடித் தொலைத்திருக்கலாம். பாம்பைக் காட்டாமல் டாக்டர் எப்படி ஊசி போடுவார் என்று அவளாகவே முடிவு செய்து, தோப்பில் நின்றவர்களையெல்லாம் பாம்பைத் தேட விட்டாள். அடித்துச் சாக்கில் போட்டபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அவன் விரல்கள் நீலம் பாரித்து மரத்துப்போயிருந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜாஸ்மின் சாக்கை எட்டிப் பார்த்தார்.

"இது சாரைப்பாம்பும்மா. விஷமே கிடையாது."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்றாள் கிருபாபாய்.

டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. "இந்தக் கட்டை எப்பப் போட்டீங்க?"

"கடிச்ச ஒடனே, காலையிலயே."

சலைன் ஏற்றிவிட்டு, கத்தரிக்கோலால் முடிச்சை வெட்டிக்கொண்டே டாக்டர் சொன்னார்: "ரத்தம் போகலைன்னா ஆக்சிஜன் போகாது. செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு இருக்கு. ஆக்சிஜனை வச்சு செல்லுக்குச் சக்தி கொடுக்கிறது அதுதான். அது நின்னுட்டா, உள்ள வர்ற உப்பையும் தண்ணியையும் செல்லால வெளிய தள்ள முடியாது, வீங்கிரும். சீக்கிரம் ரத்தம் வந்தா தேறிரும். ரொம்ப நேரமாயிட்டா மைட்டோகாண்ட்ரியாவே கிழிஞ்சிரும். அதுக்கப்புறம் ரத்தம் வந்தாலும் பிரயோஜனமில்ல. சில சமயம் திரும்பி வர்ற ரத்தமே கெடுதல் பண்ணும்."

"அவிய கை தேறிருமா?"

"பொறுத்திருந்துதான் பாக்கணும்."

பொறுப்பதா, அவளா? வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தாள். வாட்ச்மேன் சத்தம் போட்டும் நிற்கவில்லை. உள்ளே போய் அவன் விரல்களைக் கிள்ளிப் பார்ப்பாள், "தெரியுதா?" என்பாள். நல்லது செய்வதாக நினைத்து அந்தக் கையைக் கெடுத்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

சாயங்காலம் கட்டைவிரல் அசைந்தது. பிறகு இரண்டு விரல்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்றுவரை மடங்கவில்லை.

"பாம்பு என்னைய ஒண்ணுஞ் செய்யலப்பா. எல்லாம் எம் பொண்டாட்டி செஞ்சதுதான்" என்று வருகிறவர்களிடம் ஜெபக்குமார் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

சாப்பிடும்போது அந்த இரண்டு விரல் பக்கமாகச் சோறு சிந்தும். கிருபாபாய் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, சிந்தியதைப் பொறுக்கித் தட்டில் போடுகிறாள்.