அப்பன் வாயால் சொல்வது

நான் இங்கிலீஷ் டியூஷன் எடுத்த காலத்தில் என்னிடம் படிக்க வந்தவர்களில் நரைத்த மீசையோடு வந்தவர் அவர் ஒருவர்தான். லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர். மற்றவர்கள் எல்லாம் பழவேற்காட்டுப் பிள்ளைகள், பாஸ் மார்க் வந்தால் போதும் என்று வந்தவர்கள். இவர் வாசலில் நின்றபடியே, அடிதடிக்கு இங்கிலீஷில் என்னென்ன வார்த்தை உண்டோ அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்றார். வேறு எதுவும் வேண்டாமாம்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரை அடிக்கக் கிளம்பியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அடித்தாகிவிட்டது என்றார்.

அடித்தது அவர் மகன். வளைகுடாவில் ஒரு முதலாளியின் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போயிருந்தவன், அதே படகில் இருந்த இன்னொரு பையனை ஐஸ் உடைக்கும் கம்பியால் மண்டையில் போட்டுவிட்டான். அந்தப் பையனும் நம் பழவேற்காட்டு ஏரிக்காரன்தான், அக்கரையில் ஆந்திரா பக்கத்துக் குப்பம். அவன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். மகன் லாக்கப்பில் இருந்தான். அந்த ஊர் சர்க்கார் மகனுக்காக வைத்த வக்கீல் அப்பாவிடம் போனில் பேசப் போகிறார், அவருக்குத் தமிழ் தெரியாது. இவ்வளவையும் நின்றபடியே சொல்லி முடித்தார். உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

நானே பேசி விளக்கிவிடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குப்பத்தில் பையன் தப்பு செய்தால் பஞ்சாயத்தில் அவன் வாய் திறக்கக் கூடாதாம். அப்பன் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்பே நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். முழுசாகச் சொன்னால் தண்டம் போட்டு அன்றோடு தீர்த்துவிடுவார்கள். குறைத்துச் சொல்லி, பிறகு தெரியவந்தால் அந்தக் குடும்பத்தை ஊர் சேர்த்துக்கொள்ளாது. இன்னொருவர் வாயால் சொன்னது சொன்னதாகவே ஆகாது.

"வக்கீலு கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா, புள்ளைய உட்ருவாங்க டீச்சர்" என்றார்.

அது கோர்ட்டு அண்ணே, குப்பம் இல்லை என்று எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சரி, தலையெழுத்து என்று ஆரம்பித்தேன்.

தள்ளினால் புஷ். ஓர் அடி என்றால் ஹிட். விடாமல் அடித்தால் பீட். பிள்ளைகளை விட வேகமாகப் பிடித்துக்கொண்டார். அட்டாக் என்றதும், அது நெஞ்சுவலிதானே என்றார். அசால்ட் என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலையைச் சுளுவாக முடிக்கிறவனைத்தானே நம் பக்கத்தில் அசால்ட்டாகச் செய்கிறான் என்போம்! நானும் சிரித்தேன். அது போலீசும் வக்கீலும் எழுதுகிற வார்த்தை, அது வந்தால் கூடவே ஜெயிலும் வரும் என்று விளக்கியபோது இருவருக்குமே சிரிப்பு போய்விட்டது.

ஒரு நாள் டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வந்த கூட்டம் என் வீட்டைத் தாண்டிப் போனது. கூட்டி வந்தவர் இங்கிலீஷில் கத்திக்கொண்டே போனார். இவர் காதைத் தீட்டிக்கொண்டு, என்ன சொல்கிறார் என்றார். டச்சுக்காரரிடமிருந்து இங்கிலீஷ்காரர் இந்த ஊரை டேக் ஓவர் செய்தாராம் என்றேன். அப்படியென்றால்? எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். துப்பாக்கியோடா, சும்மாவா என்று கேட்டார். இரண்டு விதமாகவும் நடந்தது என்றேன்.

"கும்பலா செஞ்சா நல்ல பேரா வெச்சிக்கிறானுங்க" என்றார்.

அது எனக்கு வெகுநாள் மனதில் கிடந்தது. அவர் பிள்ளைக்கும் அப்படி ஒரு நல்ல பேர் தேடித் தரத்தான் நான் முயன்றேன். ஃபைட் என்று சொல்லுங்கள் என்றேன். ஃபைட் என்றால் இரண்டு பேர் கையும் அதில் இருக்கிறது. அட்டாக் என்றால் ஒருவன் கை மட்டும்தான். வக்கீலுக்கு நீங்கள் எதைக் கொடுக்கிறீர்களோ அதை வைத்துத்தான் அவர் உங்கள் மகனை மீட்க முடியும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அவர் முடியாது என்று தலையாட்டினார். லாக்கப்பிலிருந்து ஒரே ஒரு முறை மகனைப் பேச விட்டிருக்கிறார்கள். அப்போது அவன் அழுதுகொண்டே சொன்னதை என்னிடம் சொன்னார்.

"சண்டன்னு எப்டி டீச்சர் சொல்றது? அவன் திரும்பிக்கினு வல இழுத்துனு இருந்தானாம். நைனா, நான் பின்னாலேர்ந்து அடிச்சிட்டன்னு எம் புள்ள வாயால சொன்னான்."

இதை வெளியே சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். பின்னாலிருந்து என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் பொன்னேரி வரை போய் யாரையாவது கேட்டு வந்திருப்பார். சொல்லிக்கொடுத்தேன்.

அவர் என் வீட்டில் இருந்தபோதுதான் வக்கீலின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அவர் எழுந்து நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்தப் பக்கம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். மை சன் அட்டாக் ஹிம். ஃப்ரம் பிஹைண்ட். குரல் நடுங்கவே இல்லை. சொல்லிவிட்டு, பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

வக்கீல் வேகமாகப் பேசினார். அடிபட்ட பையன் அன்று காலையில் இறந்துவிட்டான். இப்போது நீங்கள் சொன்னதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள், சொன்னால் இது மர்டர். அவ்வளவு இங்கிலீஷில் இவருக்குப் புரிந்தது அந்தக் கடைசி வார்த்தை ஒன்றுதான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சினிமா பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை அது.

நான் மிச்சத்தைத் தமிழில் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. பிறகு, செத்தவன் அப்பனுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, படகில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றுதான் முதலாளி அக்கரைக்குச் சொல்லியிருந்தார் என்று ஏரிக்கரையில் பேச்சு. இப்போதும் அதையேதான் சொல்வார் என்றேன்.

"எம் புள்ளதான்னு அவங்களுக்குத் தெரியாது" என்று எழுந்தார்.

அக்கரைக்கு, செத்தவன் அப்பனிடம்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "போகாதீங்கண்ணே, உங்கள உயிரோட உட மாட்டாங்க" என்று வாசல் வரை போய் மறித்தேன். வக்கீல் சொன்னதை மறுபடி சொன்னேன். மகன் கழுத்துக்குக் கயிறு வரும் என்றும் சொன்னேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு நடந்தார்.

பின்னாலேயே ஏரிக்கரை வரை ஓடினேன். காற்று ஏறிக்கொண்டிருந்தது, கரையில் உதவிக்குக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. படகைத் தள்ளும்போது அவர் வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. கிட்டே போனபோதுதான் தெலுங்கு என்று தெரிந்தது. என்னிடம் கற்ற அதே வாக்கியத்தைத் தெலுங்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து என்பதையும் அவர் விடவில்லை.