பூனையின் மீசையில் கார்த்திகை மாதம்

நல்லரத்தினம் அண்ணனைப் பாவி என்று எங்கள் ஊர் கிரானில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். நடந்தது எல்லாம் எனக்குத்தான் தெரியும்.

கட்டாரில் பன்னிரண்டு வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்து, வாவிக்கரையில் ஐந்நூறு புறொயிலர் கோழிகளோடு பண்ணை போட்டவர் அவர். மழைக்குளிரில் கரண்ட் போனால் குஞ்சுகளை இடுப்புச் சாரத்துக்குள் அள்ளி வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். அந்த மனிதர்தான் போன பங்குனியில் கம்பிச் சுருக்கு வைத்து ஒரு பூனையைக் கொன்றார். வீட்டுப்பூனை அல்ல, வாவியில் மீன் பிடித்துத் தின்னும் காட்டுப்பூனை, நாயளவு இருக்கும். மாசி பிறந்ததிலிருந்து அது கூட்டுக்குள் புகுந்து கோழி தூக்கிக்கொண்டிருந்தது. நானென்றாலும் சுருக்குத்தான் வைத்திருப்பேன்.

நான் வந்தாறுமூலைக் கம்பஸில் ஆய்வுகூட உதவியாளர். அன்று காலை அவர் சாக்கோடு என் வீட்டுப் படலைக்கு வந்தார்.

"கேதீஸ்வரி, உங்கட மேடம் மயிரைப் பாத்து மிருகம் என்ன திண்டது எண்டு சொல்லுவாவாமே. இதையும் பாக்கச் சொல்லு தங்கச்சி. இது கள்ளன் எண்டு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? அதுதான் செத்துப் போச்சே."

அவர் சாக்கை அவிழ்த்தார். பூனையின் மடியில் பால் கட்டியிருந்தது.

"குட்டி எங்கயோ கிடக்கு. விடிஞ்சதில இருந்து பத்தைக்குள்ள தேடுறன், கிடைக்கல்ல" என்றார். கள்ளன் என்று ஒரு வார்த்தை வந்தால் மனது ஆறும் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

எங்கள் ஆய்வுகூடத்து நபீஸா மேடம் யார் கொன்றது என்று கேட்கவில்லை. நீளமான மீசைமயிர் ஒன்றைப் பிடுங்கி, கழுவி, மில்லிமீட்டர் கணக்கில் என்னை வெட்டச் சொன்னா. மீசை வேரிலிருந்து வளர்வது; நுனி பழையது, அடி புதியது. வளரும் வேகத்தை வைத்து எந்தத் துண்டு எந்த மாதத்தது என்று கணக்குப் போடலாம். வாவி மீன் தின்ற காலத்தில் வளர்ந்த துண்டில் காபனும் நைதரசனும் ஒரு விதமாக இருக்கும். சோளத்தீன் போட்டு வளர்த்த கோழியைத் தின்ற காலத்துத் துண்டில் வேறு விதமாக இருக்கும். துண்டுகள் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போய், ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது.

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. வேலை முடிந்த கையோடு பண்ணைக்கு ஓடினேன்.

"அண்ணன், கள்ளன்தான். கோழி திண்டிருக்கு."

அவருக்கு மூச்சு வந்தது. "சரி" என்றார். அதோடு நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

"ஆனா நுனிப்பக்கம் முழுக்க மீன்தான். கார்த்திகை நடுவிலதான் கோழிக்கு மாறியிருக்கு."

"கார்த்திகையா? எனக்கு மாசியிலதானே கோழி காணாமப் போச்சு."

"அப்ப நடுவில ஆர்ட கோழி?" கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்யும் பெரிய அப்புக்காத்து மாதிரிக் கேட்டேன்.

அவர் பண்ணைக்குப் பின்னால் இருந்த குழியைப் பார்த்தார். நோயில் சாகும் கோழிகளைப் புதைக்கிற குழி. கார்த்திகை மழையில் அது தண்ணீர் நிறைந்து கிடந்ததால், செத்தவற்றை வாவிக்கரைப் பற்றைக்குள் எறிந்திருக்கிறார். மழை விட்டு, தை கடைசியில்தான் மறுபடி புதைக்கத் தொடங்கினாராம்.

"நாளுக்கு ரெண்டு மூண்டு எறிஞ்சன்" என்றார். "நானே தீன் தீத்திப் பழக்கிப்போட்டு, தீத்துறத நிப்பாட்டினன். அது தேடி வந்திருக்கு."

நான் எதையோ சொல்லித் தேற்றப் பார்த்தேன். அவர் காதில் அது ஏறவில்லை.

"அதுக்கு முந்தி மீன் மட்டும்தானா?"

"ஓம்."

"கோழியே இல்லையா?"

"இல்லை அண்ணன்."

மண்வெட்டிப் பிடியைத் தடவினார். பிறகு கேட்டார்: "குட்டிக்கும் மீசை இருக்கும்தானே? அதுகள் பால்தானே குடிச்சிருக்கும். அதுகள்ட மீசையிலயும் என்ட கோழிதான் இருக்குமா?"

எனக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவள் நான். அன்று ஒரேயொரு பொய் சொல்லியிருக்கலாம்.

"ஓம் அண்ணன்" என்றேன்.