அவள் குடிக்காத காபி

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் பியூன். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மனைவியின் பிறந்த வீடு சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரி. நானும் அதே ஜனம்தான். ஆனால் மஞ்சக்குப்பத்து ஹோட்டல்களில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. மாமியார் வீட்டு விருந்து முடிந்து நாங்கள் ஊர் திரும்பிய அன்று, என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பஸ் ஏற்றிவிடச் சிதம்பரம் வரை வந்தான். ஒரு பண்ணையில் கூலி வேலை பார்ப்பவன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. புது மாப்பிள்ளை ஜம்பத்தில் இருவரையும் ஒரு காபி கிளப்புக்கு அழைத்துப் போனேன். மச்சான் வாசலிலேயே தயங்கினான். நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, மூன்று காபி சொன்னேன்.

காபி வந்தது. அதற்குள் கல்லாவில் இருந்த முதலாளி மச்சானை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து வந்து, மூன்று டம்ளரையும் எடுத்துக்கொண்டு, பின்பக்கம் போனால் கொட்டாங்கச்சியில் ஊற்றித் தருவார்கள் என்றார். திட்டவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று முனகிக்கொண்டே எழுந்தேன். என் மனைவியும் எழுந்தாள். வெளியே வந்தவள், போலீஸ் ஸ்டேஷனுக்கு எந்த வழி என்று தம்பியைக் கேட்டாள்.

வினையை விதைத்தவன் நானேதான். தீண்டாமை பார்த்தால் தண்டனை என்ற சர்க்கார் நோட்டீசை மஞ்சக்குப்பத்துச் சுவர்களில் பசை தடவி ஒட்டியது நான். அப்படி ஒரு சட்டம் வந்திருக்கிறதென்று வீட்டில் வேறு அளந்திருந்தேன். ஒட்டிய எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கேட்ட அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

ஸ்டேஷனில் ஏட்டு சிரித்தார். அடித்தாரா, திட்டினாரா, ஒரு காபி தராததற்கெல்லாமா கேஸ் என்றார். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். மச்சானுக்கு அதைவிட ஜாஸ்தி. விஷயம் பண்ணைக்குத் தெரிந்தால் அவன் பிழைப்பு போச்சு.

"அவரு எங்க பேரக்கூட கேக்கலைங்க. எங்க தெருவ நெனச்சித்தான் எந்திரிக்கச் சொன்னாரு. எனக்கு மட்டும்னா இப்பிடியே பஸ் ஏறிப் போயிருவேன். நாளைக்கி எங்க தெருவுலேருந்து யாரு வந்தாலும் இதேதான நடக்கும்?" என்றாள். ஏட்டு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேப்பரை எடுத்தார்.

விசாரணையன்று, கோர்ட்டு வராந்தாவில் முதலாளி எங்களிடம் வந்தார். ராஜியாகப் போய்விடலாம், கோர்ட்டும் சம்மதிக்கும் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தாராம். மனிதர் ஆடித்தான் போயிருந்தார். இனி சிதம்பரம் வரும்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் காபி இலவசம், முன்னாலேயே உட்கார்ந்து குடிக்கலாம் என்றார். எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது.

"எனக்குக் காபி குடிக்கிற பழக்கமே இல்லீங்க," என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் அவள் கையால் காபி குடிக்கிற எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். கிளப்பில் நான் பாட்டுக்கு மூன்று காபி சொன்னபோது, வேண்டாமென்று சொல்லக் கூச்சப்பட்டு இருந்துவிட்டிருக்கிறாள்.

"ஓசியில வேணாம். என் தம்பிக்கும் எங்க தெரு ஜனங்களுக்கும் காசு வாங்கிக்கிட்டே குடுங்க. அத கோர்ட்டே சொல்லட்டும்," என்றாள்.

ராஜி நடக்கவில்லை. மச்சான் கூண்டேறி, கூப்பிய கையை இறக்காமலே நடந்ததை எல்லாம் சொன்னான். முதலாளிக்கு அபராதம் விழுந்தது, பெரிய தொகை ஒன்றுமில்லை. ஒரு காபிக்கு இவ்வளவு கூத்தா என்று வெளியே பேசிக்கொண்டார்கள். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சானைத்தான் பண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை எங்களோடு கடலூரில் இருந்தான். அதற்காக அவன் அக்காவை ஒருநாளும் நொந்துகொண்டதில்லை.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது, அவனே எங்களை அதே கிளப்புக்கு அழைத்துப் போனான். இரண்டு காபி, அக்காவுக்குப் பால் என்று கல்லாவுக்குக் கேட்கும்படி சொன்னான். டம்ளரில் வந்தது. முதலாளி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை; அவர் மனசு மாறியதா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து மேஜையில் அவன் தெருக்காரர்கள் இரண்டு பேர் உரக்கப் பேசியபடி காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி பாலைத் தொடாமல் தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பிடிடா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"சுமார்தான்க்கா," என்றான்.

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சுமாரான காபியைச் சுமார் என்று சொல்லி, காசை வைத்துவிட்டு எழுந்துவர அவனுக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இன்றைக்கும் காலையில் டம்ளரை நீட்டி, சர்க்கரை சரியா இருக்கா என்று அவள் கேட்கும்போது, ஒரு வாய்கூடக் குடிக்காத காபிக்காகக் கோர்ட்டுப் படி ஏறியவள் இவள் என்று நினைத்துக்கொள்வேன்; சரியாக இருக்கிறது என்று சொல்லி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் டம்ளரைத் திருப்பிக் கொடுப்பேன்.