தேசப்பன் போட்ட ஓட்டைக் கூரை

போன செவ்வாய்க்கிழமை காலை. காபியைப் பாதிகூடக் குடிக்கவில்லை, வாசலில் சைக்கிள் மணி. எட்டிப் பார்த்தால் தேசப்பன். கேரியரில் ஒரு கட்டு தென்னங்கீற்று, தெருவைப் பெருக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

"யக்கா, ஓட்டைக் கொட்டா எப்ப போடணும்? கீத்து எட்த்தாந்துட்டேன்."

தேசப்பன் எங்களுக்கு எதிர்வீடு. கோட்டைக்குப்பத்திலிருந்து காட்டூர் வரை யார் கூரை வேய்வதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போட்ட கூரையில் ஒரு சொட்டு ஒழுகியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால் அவர் தாங்கவும் மாட்டார். அப்படிப்பட்டவர் என் வீட்டுக்கு மட்டும் ஓட்டைக் கொட்டாய் போட வருகிறார் என்றால்... அது கொரோனா வருஷத்துக் கதை.

என் மருமகள் மிரியத்தை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக: யூதப் பெண். ஊர் ஹைஃபா. என் மகன் கதிர் அங்கே வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், எனக்கு அப்புறம் சொன்னான். அந்த வருஷ ஆரம்பத்தில் இரண்டு பேரும் பழவேற்காடு வந்தார்கள். லீவு முடிந்து கதிர் கிளம்பிவிட்டான். ஏரியில் பூநாரைகளைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று மிரியம் தங்கினாள்.

பூநாரைகள் பறந்து போய்விட்டன. விமானங்கள்தான் பறக்கவில்லை.

ஏழு மாதம்! டிக்கெட் மூன்று முறை கேன்சல். இறால், நண்டு இரண்டும் அவர்கள் மதத்தில் ஆகாது. செதிலும் துடுப்பும் உள்ள மீன்தான் சாப்பிடலாம். இறாலுக்கென்றே ஆட்கள் தேடி வருகிற ஊரில் வந்து மாட்டிக்கொண்டு, மடவை மீன் புண்ணியத்தில் காலம் தள்ளினாள். தமிழ் கற்றுக்கொண்டாள். என்னோடு சீரியல்கூடப் பார்த்தாள். ஆனால் ஒருநாளும் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நானாக இருந்தால் முதல் வாரமே ஊரைக் கூட்டியிருப்பேன்.

செப்டம்பர் கடைசியில் எங்கள் தெருவில் ஒருவருக்குப் பாசிட்டிவ். இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். உள்ளே ஐந்து வீடு. மிரியம் அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவில்லை. சாயங்காலம் மெதுவாக வந்து கேட்டாள்.

"அத்தை, வெள்ளிக்கிழமை சுக்கோத். ஒரு குடிசை வேண்டும். சின்னது போதும்."

பைபிள் படித்தவர்களுக்குக் கூடாரப் பண்டிகை என்றால் தெரியும். முன்னோர்கள் வீடு வாசல் இல்லாமல் வனாந்தரத்தில் அலைந்த நினைவுக்காக, வெளியே குடிசை போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஏழு மாதத்தில் அந்தப் பெண் வாய் திறந்து கேட்ட முதல் பொருள். விடுவேனா? அப்போதே எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தேன்.

தேசப்பன் வேலை இல்லாமல் காய்ந்து கிடந்தார். கொல்லையில் சவுக்குக் கம்பும் கீற்றும் சும்மா கிடந்தன. மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு துள்ளி வந்தார். மிரியம் விதிமுறைகளைச் சொன்னாள். மேலே மரம் இருக்கக் கூடாது. கூரை ஓலையாக இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகமாக விழ வேண்டும். ஆனால் இடுக்கு வழியாக நட்சத்திரம் தெரிய வேண்டும்.

தேசப்பன் என்னைப் பார்த்தார். "நட்சத்திரம் தெரிஞ்சா மழையும் வருமேக்கா?"

"வரட்டும்."

"ஐப்பசி வரப்போவுது... நீங்க படிச்சவங்க, சொல்றீங்க."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முற்றத்தில் கொட்டாய் தயார். சுற்றிலும் என் பழைய புடவைகள் சுவராக. கூரையில் அங்கங்கே இடுக்கு. நாங்கள் உள்ளே போய் மீன் குழம்பு வைத்துவிட்டு நாலரை மணிக்கு வந்து பார்த்தால் — உள்ளே கும்மிருட்டு! ஒரு ஊசிமுனை வெளிச்சம் இல்லை. இரண்டு அடுக்கு கீற்று, மேலே பனையோலை, முகட்டில் இறுக்கிக் கட்டு. கீழே தேசப்பன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"புயலே வந்தாலும் அசையாதுக்கா."

சூரியன் மறைந்தால் பண்டிகை ஆரம்பம். அதற்கப்புறம் கட்டவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. பிரியுங்கள் என்றேன். மாட்டேன் என்றார்.

"எங்க நைனா காலத்துலர்ந்து ஓட்டை வச்சி ஒரு கூரை போட்டதில்ல. நாலு பேரு பார்த்தா தேசப்பன் கை போச்சுனு பேசுவானுங்க."

"தெருவையே அடைச்சிருக்கு! எந்த நாலு பேர் வருவாங்க?"

"தகரத்துல ஓட்டை கீதுக்கா. அது வழியா பாக்கறானுங்க."

மிரியம் "பரவாயில்லை அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும், இனிமேல் இந்தப் பெண் எதையும் கேட்கவே மாட்டாள் என்று தோன்றியது. தேசப்பன்மேல் வந்த கோபத்தில் நானே ஏணியில் ஏறியிருப்பேன். மூட்டு வலி அவரைக் காப்பாற்றியது.

சரியாக அப்போது போன் அடித்தது. வீடியோ காலில் கதிர். ஹைஃபாவிலும் ஊரடங்கு. தனியாக பால்கனியில் அவனும் ஒரு குடிசை போட்டிருந்தான். போட்டிருந்தான் என்று சொல்வது பெரிய வார்த்தை. துணி காயப்போடும் ஸ்டாண்டு ஒன்று, விளக்குமாற்றுக் கம்பு இரண்டு, மேலே நாலு பேரீச்ச மட்டை. தேசப்பன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அதிர்ந்துபோனார்.

"இன்னாப்பா கதிரு இது? காக்கா கட்னா கூட இத்தவிட நல்லா கட்டும்!"

சொல்லி வாய் மூடவில்லை, மட்டையோடு கம்பு சரிந்து கதிரின் தலையில் விழுந்தது. அவ்வளவுதான், போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "டேய், முட்டுக் குடுறா! குறுக்கால ஒரு கம்பு போடு. அந்த முடிச்சு நிக்காது, ரெண்டு சுத்து சுத்தி இழு... இழுடா!" சத்தம் கேட்டு மிரியம் ஓடி வந்தாள். இருபது நிமிஷம் பழவேற்காட்டிலிருந்து ஹைஃபாவில் கூரை வேலை நடந்தது. ஒருவழியாக நின்றது.

"இப்ப வானம் தெரியுதா?" என்றார் தேசப்பன்.

கதிர் கேமராவை மேலே திருப்பினான். மட்டைகளுக்கு நடுவே நீலமாக ஒரு துண்டு. "தெரியுது மாமா. அங்க அவளுக்கும் தெரியணும். இந்த வருஷம் சேர்ந்து பாக்க அது ஒண்ணுதான் இருக்கு."

தேசப்பன் போனை என்னிடம் கொடுத்தார். மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டார். ஏணியில் ஏறினார்.

பனையோலை போனது. ஒரு அடுக்கு கீற்று போனது. ஆனால் மனிதர் இடுக்கைச் சும்மா விடவில்லை! ஒவ்வொன்றையும் சாணால் அளந்து, வரிசை பிடித்து, எல்லாம் ஒரே அளவில் விட்டார். "ஓட்டைனா ஓட்டை. ஆனா ஒழுங்கா கீணும்." சூரியன் இறங்க, அவரும் இறங்கினார்.

மிரியம் மெழுகுவத்தி ஏற்றினாள். இந்தப் பண்டிகைக்கு விருந்தாளி அவசியமாம். தகரத்தைத் தாண்டி யார் வருவார்கள்? தேசப்பனைக் கூப்பிட்டாள். வந்தார், கக்கத்தில் குடையோடு. தான் போட்ட கூரைமேல் அவ்வளவு நம்பிக்கை.

மேலே ஒரு ஓட்டையில் நிலா, இன்னொன்றில் இரண்டு நட்சத்திரம். முதல் வாய் வைக்கும்போது தூறல். அப்புறம் நல்ல மழை, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒழுங்காக இறங்கியது.

"சொன்னேன்ல!" என்றார் தேசப்பன், அழாக்குறையாக.

"உள்ளே போகலாம்மா" என்று எழுந்தேன். மழை சாப்பாட்டில் விழுந்து கெடுக்கும் என்றால் எழுந்து போகலாம், அதற்கு விதியே இருக்கிறது என்று மிரியம்தான் முன்பு சொல்லியிருந்தாள். திரும்பிப் பார்க்கிறேன், அவள் அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறாள். சிரிக்கிறாள். மழைதான் வழிகிறது என்று நினைத்தேன். தோள் குலுங்கியபோதுதான் புரிந்தது. ஏழு மாதத்து அழுகை.

தேசப்பன் குடையை விரித்தார். அவள் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. எனக்கும் இல்லை. தனக்கும் இல்லை. மீன் குழம்புச் சட்டிக்குப் பிடித்தார்.

"கொழம்புல விழலியே! அப்புறம் எதுக்கு உள்ள போவணும்?"

மூன்று பேரும் நனைந்துகொண்டே சாப்பிட்டோம். அந்த வருஷம் பார்த்தவர்கள் எல்லோரும் எதையாவது மூடச் சொன்னார்கள் — வாயை, கடையை, கதவை, தெருவை. கொஞ்சம் திறந்து வை என்று சொன்னது அந்தப் பண்டிகை ஒன்றுதான். ஒழுகுகிற கூரைக்குக் கீழேதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

மிரியம் டிசம்பரில் ஊர் போய்ச் சேர்ந்தாள். இப்போதும் இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். போன செவ்வாய் அதைத்தான் தேசப்பனிடம் சொன்னேன். "இந்த வருஷம் அவங்க வரலையேப்பா. கொட்டாய் யாருக்கு?"

கீற்றுக் கட்டை இறக்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க கீறீங்க. விருந்தாளி நான் கீறேன். இன்னா கொறச்சல்?"

கொட்டாய் தயார். மடவைக்கும் சொல்லியாயிற்று. குடையைத்தான் எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.