ஒரு மணிக்கு எழும்பிய கோடு

மருந்துக் கிடங்கில் அவளுக்கு 'சந்தேகம்' என்றே பெயர். பெட்டியின் மேல் நூறு என்று எழுதியிருந்தாலும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். "சந்தேகம் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், "வந்தாச்சு, என்ன இப்போ?" என்று அவளே குரல் கொடுப்பாள்.

அங்கே குளிர் அறையில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்துகள் இருந்தன. எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்து பாழ். முன்பெல்லாம் அவள்தான் மணிக்கொரு தரம் வெப்பமானியைப் பார்த்து எழுதுவாள். பிறகு அதைக் கழற்றிவிட்டுத் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரை மாட்டினார்கள். அது தானே அளந்து அலுவலகத் திரைக்கு அனுப்பும். எட்டைத் தாண்டினால் எல்லோர் போனும் அலறும். முதல் மாதத்தில் நாலு தடவை அலறியது. ஒவ்வொரு தடவையும் மேற்பார்வையாளர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் அவளுடைய அக்கா புருஷன். அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அப்புறம் அலறலே இல்லை. திரையில் கோடு ஐந்து டிகிரியில் சாதுவாகப் படுத்துக் கிடந்தது. எல்லோருக்கும் நிம்மதி. அவளுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. ஏனென்றால் தினமும் ஒரு மணிக்கு அந்தக் கோடு சற்றே எழும்பி இறங்கியது. சாப்பாட்டு நேரத்தில் குளிர் அறைக்குள் யாருக்கு என்ன வேலை? சாப்பாட்டு டப்பாவோடு குளிர் அறைக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு நாள் பார்த்தாள். ஈ காக்கை நுழையவில்லை. திரையில் கோடு மட்டும் எழும்பியிருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் எடுக்க அலுவலக ஃபிரிட்ஜைத் திறந்தவளுக்குப் பொறி தட்டியது. ஒரு மணிக்கு எல்லோரும் திறப்பது இதைத்தானே! பால் பாக்கெட்டுக்குப் பின்னால் கையை விட்டாள். சென்சார் அகப்பட்டது. பக்கத்தில் வந்த மேற்பார்வையாளரிடம் அதை நீட்டினாள்.

"மாமா, இது இங்க என்ன பண்ணுது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மெதுவாப் பேசு. குளிர் மிஷின் மக்கர் பண்ணுது. ரிப்பேர் ஆள் வர்ற வரைக்கும்தான்."

"ஆளுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னா மேலிடத்துக்குத் தெரிஞ்சிடுமே."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம். எடுத்த இடத்துலயே வச்சிடும்மா. உங்க அக்காவை நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் சென்சாரைக் கொண்டுபோய்க் குளிர் அறையின் கொக்கியில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் பதினொரு டிகிரி காட்டியது. எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறின.

அந்த மூன்று வாரத்தில் வெளியே போன பெட்டிகளைத் திரும்ப வரவழைத்து அழித்தார்கள். ஒரு மருத்துவமனையில் மட்டும் ஊசி போட்டு முடித்திருந்தார்கள். அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து மறுபடி போட்டார்கள். மாமாவுக்கு வேலை போயிற்று. அக்கா ஆறு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டி."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"தெரியல" என்றாள் அக்கா.