மச்சான் படகுக்கு மிளகாய்ப் பெயிண்ட்

என் மச்சானின் படகுக்கு மலிவான அடிப்பெயிண்ட் தேர்ந்தெடுக்க நாங்கள் நடத்திய சோதனையில் நான் கள்ளத்தனம் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. என் பெயிண்ட் தோற்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் மனைவியின் ஊரான கடப்பாக்கத்துக்கே வந்துவிட்டோம். மனைவியின் தம்பி அங்கே உப்பங்கழியில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். கழிக்கரையில் உள்ள பழைய கோட்டையைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். மீன்பிடிப் படகுகளை மணலில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். அவற்றின் அடியில் எதுவும் ஒட்டாது. மச்சானின் படகு எந்நேரமும் தண்ணீரிலேயே கிடப்பதால் கொட்டலசு பிடிக்கும். சுண்ணாம்பு ஓட்டுக்குள் வாழும் சின்ன உயிர் அது. ஒட்டிக்கொண்டால், மாமியார் ஊரில் குடியேறிய மாப்பிள்ளை மாதிரி நகராது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதைத் தடுக்கவென்றே தாமிரம் கலந்த பெயிண்ட் சென்னையில் கிடைக்கிறது. விலையைக் கேட்டதும் மச்சான் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இத்த அடிச்சா படகைத் தண்ணியில வுட மனசு வராது மாமா. பீரோல வெச்சிப் பூட்டணும்."

மலிவாக வேறு ஏதாவது பார்ப்போம் என்று முடிவானது. தார் பூசலாம் என்றான் மச்சான். இரும்பு கேட்டுக்குப் பூசும் எனாமலே போதும் என்றார் பெயிண்ட் கடைக்காரர். அதே எனாமலில் மயில்துத்தமும் மிளகாய்த்தூளும் கலந்தால் ஒன்றும் கிட்டே வராது என்றேன் நான். மயில்துத்தத்தில் தாமிரம் இருக்கிறது. மிளகாய்க்கு விளக்கம் வேண்டியதில்லை. எதையும் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்று பிரசங்கம் செய்ததும் நானே. மூன்று பலகைத் துண்டுகளில் மூன்று பூச்சையும் பூசி, படகு கட்டும் கம்பத்திலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு.

சில நாள் கழித்துக் காலை நடையின்போது கயிற்றைத் தூக்கிப் பார்த்தேன். என் பலகையில்தான் கொட்டலசு முதலில் குடிவந்திருந்தது. மயில்துத்தம் தண்ணீரில் கரைந்துவிடும். நானே வருடாவருடம் பாடம் எடுத்த விஷயம். மிளகாய் அவற்றுக்குப் பிடித்துவிட்டது போலும். நகத்தால் ஒன்றைச் சுரண்டினேன். மறுநாள் சமையலறைத் தோசைக்கரண்டியை வேட்டியில் செருகிக்கொண்டு போனேன். செய்முறைத் தேர்வில் அளவைத் திருத்தி எழுதிய எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான்.

தீர்ப்பு நாளன்று மச்சானின் பால்ய சிநேகிதரான பக்கத்துப் படகுக்காரரும் வந்திருந்தார். தார்ப் பலகையில் பாதியைக் கொட்டலசு நிறைத்திருந்தது. எனாமல் பலகை அதனடியில் மறைந்தே போயிருந்தது.

"இன்னா மாமா, உன்னுது மட்டும் மொட்ட போட்ட தல கணக்கா கீது," என்றான் மச்சான்.

"அறிவியல்," என்றேன்.

"எங்கூட்டு காரக் கொயம்புக்கு நானே எயுந்து ஓடறேன். பூச்சி நிக்குமா?" என்றார் சிநேகிதர்.

படகைக் கரையேற்றி என் கலவையை அடித்தோம். கரையில் இருந்த அத்தனை பேரும் தும்மினார்கள். ஒரு நாய்கூட.

மழைக்காலம் முடிவதற்குள் படகின் அடியில் கொட்டலசுத் தாடி முளைத்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. மோட்டார் அலறும், படகு யோசிக்கும். கழியில் வலையோடு நடந்துபோன ஒருவர் எங்களை முந்திப் போனார். சவாரிக்கு வந்த ஒரு அம்மாள், "எப்போ கெளம்புவீங்க?" என்று நடுத்தண்ணீரில் கேட்டார்.

மச்சான் மோட்டாரைப் பிரித்துப் பூட்டினான். பிறகு திருஷ்டி என்று எலுமிச்சையும் மிளகாயும் கோத்து முகப்பில் கட்டினான். மேலே மிளகாய், கீழே மிளகாய். அதோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கண் வைத்தது பக்கத்துப் படகுக்காரர்தான் என்று சொல்லி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஒரு காலை படகு கட்டும் இடத்தில் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். காணும் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. கோட்டைக்குக் கூட்டம் வரும் அந்த ஒரு நாளை நம்பித்தான் மச்சானின் வருடம் ஓடுகிறது.

நடுவில் புகுந்து விலக்கிவிட்டு, பலகையைச் சுரண்டிய கதையைச் சொன்னேன்.

மச்சான் என் பக்கம் திரும்பினான்.

"தோசக்கரண்டியாலயா?"

"ஆமாம்."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம தவிர."

"அதே கரண்டியால படகையே சொரண்டிகினு இருந்திருக்கலாமே மாமா."

பிராயச்சித்தமாக நான் ஒரு திட்டம் சொன்னேன். கொட்டலசு நல்ல தண்ணீரில் பிழைக்காது. படகை ஓர் ஏரியில் ஒரு வாரம் விட்டால் செத்துவிடும். என் செலவில் டிராக்டர் பிடித்து, படகைக் கருங்குழிக்கு அப்பால் உள்ள ஏரிக்குக் கொண்டுபோனேன். கடல் படகு ஒன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குள் போவதைப் பார்த்து டீக்கடையே எழுந்து நின்றது.

"இன்னா சார், கடலு பொங்கினு வருதா?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"இல்ல அண்ணாத்த. படகுக்குத் தண்ணி மாத்துறோம்," என்றான் மச்சான், என்னைப் பார்க்காமல்.

அவர் நம்பவில்லை. பால் பாக்கெட்டுகளை அள்ளி வாங்கிக்கொண்டு போனார்.

கொட்டலசு சொன்னபடி செத்தது. செத்தும் விழவில்லை. ஓடுகள் சிமெண்ட் போல அப்படியே நிற்க, உள்ளே இருந்தது அழுகி நாறியது. திரும்பும் வழியெல்லாம் காக்கையும் பருந்தும் கூடவே வந்தன. வேடந்தாங்கலுக்குப் போகிற கொக்குகளில் சிலவும் மனம் மாறியதாக மச்சான் இன்றும் சத்தியம் செய்கிறான்.

"கொல்றதுக்கு ஏன் இவ்ளோ தூரம் இட்டுகினு போனீங்க? மணல்ல வெயில்ல போட்டிருந்தாலே செத்திருக்குமே," என்றாள் மனைவி.

அது எனக்குத் தோன்றவில்லை.

காணும் பொங்கலன்று மச்சானின் படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உளியும் சுத்தியலுமாக நான் அதைக் கொத்திக்கொண்டிருந்தேன். மச்சான் சிநேகிதரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் தன் படகிலேயே அவனைக் கூட வைத்துக்கொண்டு, அன்றைய வரும்படியில் பாதியைக் கொடுத்தார். அந்த வாரமே என் பென்ஷனில் சென்னைப் பெயிண்டை வாங்கிக் கொடுத்தேன். மச்சான் டப்பாவின் சீல் பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னைப் பிரஷ்ஷைத் தொட விடவில்லை.

இப்போது படகு பறக்கிறது. மாலையில் நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். சவாரிக்காரர்களுக்கு அவன் விளக்கம் சொல்வது காற்றில் தெளிவாகக் கேட்கும். "இது கோட்ட. அது கடலு கழில கலக்குற எடம். அதோ, வேட்டி கட்டிகினு குந்திகினு கீறாரே, அவுரு எங்க மாமா." பிறகு முழுக் கதையும் சொல்லுவான். படகே சிரிக்கும். சிலர் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன்.